ஆறு சிலிண்டர் அலப்பறை

4

"தொடாதீங்க!" என்று அலறினார் பல் டாக்டர்.

சின்னவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவன் தொட்டது ஒரு காலி அட்டைப்பெட்டியை. கார் ஷெட்டின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி; அலமாரி முழுக்கக் காலிப் பெட்டிகள். உள்ளே இருந்த சாமான்களெல்லாம் காருக்குப் போய்விட்டன. கார் போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம் மூஞ்சி நசுங்கிக் கிடந்தது. ஆக, டாக்டருக்கு மிச்சம் பெட்டிகளும் பெருமையும்தான்.

"காலிப் பெட்டிதானே டாக்டர்?"

"ஒரிஜினல் பெட்டிங்க. இதெல்லாம் கலெக்‌ஷன்."

"அப்படியா? எங்க வீட்டுல செருப்புப் பெட்டி ரெண்டு இருக்கு. வேணும்னா கொண்டுவரேன்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம். சின்னவன் மூடிக்கொண்டான், தற்காலிகமாக.

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே ஓர் அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். சின்னவன்தான் அங்கே உதவியாளர், டிரைவர், டீ வாங்குகிறவர் எல்லாம். சொந்தக்காரர்கள் அவனை 'அண்ணிக்கு எடுபிடி' என்பார்கள். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு வேலையே கிடையாது என்பதால் அவன் கண்டுகொள்வதில்லை.

வழக்கு இதுதான். பல் டாக்டரின் ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு கதவு, ஓட்டுகிற பையன்கள் பலரைவிட வயதில் மூத்தது, முந்தாநாள் சாயங்காலம் இந்த ஷெட்டிலிருந்து உறுமிக்கொண்டு கிளம்பியதைத் தெருவே கேட்டது. அப்போது டாக்டர் முன்னறைக் கிளினிக்கில் ஒருவருக்குப் பல் குடைந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தபடி நாற்காலியில் படுத்திருந்தவர் வேறு யாருமில்லை, இந்த வட்டாரத்து இன்ஸ்பெக்டர். இதைவிடப் பலமான சாட்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது. மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும் சாலையில், ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு ரோடு ரோலரில் முட்டிக்கொண்டு கார் நின்றது. இரண்டாவது சாவி இருந்தது டாக்டரின் மாப்பிள்ளையிடம், அதாவது தங்கை புருஷனிடம். அவன் மெக்கானிக். நேற்றே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திவிட்டால் ரிமாண்டுதான்.

தங்கைதான் அண்ணியிடம் ஓடி வந்தவள். "எங்க அண்ணனை எதிர்த்து நிக்கிறேன்னு சொந்தமே என்னைக் காறித் துப்புதுங்க. ஆனா என் வீட்டுக்காரர் எடுக்கலை. அவருக்கு வாய்தான் பெருசு, கை சுத்தம்" என்றாள். அழவில்லை. அதனாலேயே சின்னவனுக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

"வண்டிக்கு என்னென்ன செஞ்சிருந்தீங்க டாக்டர்?" என்று கேட்டாள் அண்ணி.

திருடு கொடுத்தவர் முகத்தில் இருந்த சோகமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. டாக்டர் மலர்ந்துவிட்டார்.

"குறைஞ்ச செலவுல நிறைஞ்ச பெர்ஃபார்மன்ஸ், அதுதான் மேடம் என் கொள்கை. பானட் மேல ஏர் ஸ்கூப் வச்சேன்."

"காத்து உள்ள போக பானட்ல ஓட்டை போட்டீங்களா?"

"ஓட்டை எதுக்கு? இது ஒட்டுற டைப்."

"அப்ப காத்து?"

"வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு அது தெரியாதே."

"சரி. அப்புறம்?"

"பின்னாடி ரெக்கை. டேஷ்போர்டுக்கு அடியில பவர் பாக்ஸ். செருகினா பச்சை லைட்டு எரியும்."

"பவர் ஏறுச்சா?"

"லைட்டு நல்லா எரிஞ்சுது. அப்புறம் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினேன். தரையோட தரையா, ரேஸ் வண்டி மாதிரி."

"பிரேக்?"

"செகப்பு பெயின்ட்."

"பிரேக் பேட் மாத்தினீங்களான்னு கேட்டேன்."

"பெயின்ட் அடிச்சேன்னு சொன்னேனே."

அண்ணி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மகள். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். வாசலில் ஏறி வருகிறவன் பிரேக் பேட் வாங்க வருகிறானா ஸ்டிக்கர் வாங்க வருகிறானா என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள். ஸ்டிக்கர் கோஷ்டியை அவளுக்கு அறவே பிடிக்காது.

"டயர்?" என்றாள்.

டாக்டர் முகம் சுளித்தார். "டயர்ல என்ன மேடம் இருக்கு? அதை யாரு குனிஞ்சு பார்க்கப் போறா? என் மாப்பிள்ளையும் இதே பாட்டுத்தான். பிளக்கை மாத்துங்க, ஃபில்டரை மாத்துங்க, முதல்ல டயரை மாத்துங்க மச்சான்னு உயிரை எடுப்பான். போன வாரம் என் பேஷன்ட்டுங்க முன்னாடியே கத்தினான். 'ஒருநாள் நானே வண்டியைத் தூக்கிட்டுப் போய் நாலு நல்ல டயர் போட்டுத்தான் திருப்பித் தருவேன்'னு. தூக்கிட்டான் பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமை எங்க கார் கிளப்புல ரேஸ். நான்தான் முதல்ல வருவேன்னு எல்லாருக்கும் தெரியும். பொறாமை புடிச்ச பய."

அண்ணி அலமாரியின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தாள். ஒரு பெட்டியின்மேல் வாயைப் பிளந்த சிங்கம், பக்கத்தில் ஒரு கைபேசி படம்.

"இது?"

"அதுவா? ஸ்பீக்கர். பாட்டு கேக்கறதுக்கு." டாக்டர் பெட்டிக்கும் அண்ணிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "பேஷன்ட் காத்துக்கிட்டிருக்காங்க மேடம்."

வெளியே வந்ததும் சின்னவன் பொருமினான். "சிங்கம் படம் போட்ட ஸ்பீக்கர்ல என்ன அண்ணி பாட்டு கேப்பான் இந்த ஆளு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் அண்ணி.

ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், எதிர்வரிசையில் ஒரு தையல் கடை. அதன் வாசலில் ஒரு வேகத்தடை. தையல்காரர் மெஷினில் குனிந்திருந்தார். போலீஸ் எழுதி வாங்கிய சாட்சிகளில் அவரும் ஒருவர்.

"வண்டி போனதைப் பார்த்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் மேடம். அந்த மெக்கானிக்தான் ஓட்டினான்."

"என்ன சட்டை போட்டிருந்தார்?"

தையல்காரர் அளவு நாடாவை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"கட்டமா, கோடா? முழுக்கையா, அரைக்கையா?" சின்னவன் விடவில்லை. "நான் உள்ள வந்ததும் என் காலரைப் பார்த்து 'யார் தச்சது இந்தக் கண்றாவி'ன்னு முணுமுணுத்தீங்களே, காதுல விழுந்துச்சு. அப்படிப்பட்டவர் திருடன் சட்டையை விட்டுட்டீங்களா?"

தையல்காரர் நெளிந்தார். "உண்மையைச் சொல்லணும்னா, ஊசி கோத்துக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சு. பயங்கரமான உறுமல். நிமிர்றதுக்குள்ள டாக்டர் தெருவுக்கு ஓடி வந்து 'மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கிட்டுப் போறான்'னு கத்தினார். பின்னாடியே வாயில பஞ்சோட இன்ஸ்பெக்டர். அப்புறம் தெருவுல எல்லாரும் பார்த்தேன் பார்த்தேன்னாங்க. நான் மட்டும் பார்க்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

காதால் கேட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல ஒரு தெருவே தயார். அதை எழுதிக்கொள்ள ஒரு போலீஸ் தயார். நடுவில் ஒருத்தன் உள்ளே கிடக்கிறான். சின்னவனுக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணியோ இதையெல்லாம் விட்டுவிட்டு வாசலில் குந்தியபடி வேகத்தடையைத் தடவிக்கொண்டிருந்தாள். அதன் முதுகு முழுக்க ஆழமான கீறல்கள்.

"இதெல்லாம் என்ன?"

"டாக்டர் வண்டிதான் மேடம். ஸ்பிரிங்கை வெட்டினாரு இல்ல, அன்னியிலேருந்து வயிறு தட்டாம இதைத் தாண்டினதே கிடையாது. போனா ஒரு டங். வந்தா ஒரு டங். என் கடையே ஆடும். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசந்தா இந்த டங்குதான் எழுப்பி விடும்."

"தெருவை விட்டுப் போக வேற வழி?"

"அந்தப் பக்கம் சுவர் மேடம். இதுதான் வழி."

"முந்தாநாள் சாயங்காலம் உறுமல் கேட்டுச்சே. அப்ப டங் கேட்டுச்சா?"

தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தார். "இல்லையே மேடம்" என்றார். தன் குரலே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது போலும். "கேக்கலையே! மத்தியானம் ஒண்ணு கேட்டுச்சு, தூக்கம் போச்சுன்னு திட்டினேன். திரும்பி வர்றப்ப ஒண்ணு கேக்கணுமே, அதுவும் கேக்கலை. அன்னிக்கு மொத்தமே ஒரு டங்குதான்."

"இதைப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்க சாயங்காலத்தைத்தானே கேட்டாங்க?"

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். "அப்ப வண்டி மத்தியானமே போயிடுச்சு. திரும்பி வரவே இல்லை. சாயங்காலம் உறுமினது எது அண்ணி? பேயா?"

"பேய்க்கு ஏன்டா ஸ்பீக்கர்?" என்றாள் அண்ணி. பிறகு தையல்காரரிடம், "அந்த நேரத்துல போன்ல பேசி ஏதாவது பதிவு பண்ணினீங்களா?" என்று கேட்டாள்.

தையல்காரர் இன்னும் அதிகமாக நெளிந்தார். அன்று துணி கேட்டு ஒரு வாடிக்கைக்கார அம்மா விடாமல் கூப்பிட்டிருக்கிறார். இவர் ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். அதை எடுத்துப் போட்டார். 'முடிஞ்சுது மேடம், பட்டன் மட்டும்தான் பாக்கி, காலையில வந்து வாங்கிக்கலாம்' என்று தேன் ஒழுகும் குரல். அதற்குப் பின்னால் அந்த உறுமல். ஏறி, கியர் மாறி, மறுபடி ஏறி, மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தது.

"பட்டன் மட்டும்தான் பாக்கியா?" என்றான் சின்னவன்.

தையல்காரர் அலமாரியைக் காட்டினார். அந்தத் துணி இன்னும் வெட்டப்படவே இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரின் ஒரு கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கம்பிக்குப் பின்னாலிருந்து மெக்கானிக் எல்லாருக்கும் கேட்கும்படி முழங்கிக்கொண்டிருந்தான். "அந்த டயரைப் போய்ப் பாருங்கய்யா! என் முழங்கையைவிட வழவழன்னு இருக்கு! அதை நான் திருடுவேனா? ஆறு சிலிண்டரைத் தொடத் தகுதி உள்ள ஒரே ஆளு இந்த ஊர்ல நான்தான், என்னைப் பார்த்துத் திருடன்னு சொல்றீங்களே!"

"இவர் வாயை அடைக்கவே ரிமாண்டு பண்ணலாம்" என்று முணுமுணுத்தான் சின்னவன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட டாக்டரும் வந்திருந்தார். கால்மேல் கால் போட்டு இன்ஸ்பெக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தங்கை இருந்த பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை.

"சார், ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் அண்ணி. "உங்களுக்குப் பல் குடையும்போது டாக்டர் கையில க்ளவுஸ் இருந்துச்சா?"

"பின்னே, வெறுங்கையை வாயில விடுவாரா?" இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "நடுவுல ஒரு கையில மட்டும் கழட்டினார். ஏதோ மெசேஜ்னு போனைத் தொட்டார். உடனே வேற க்ளவுஸ் மாட்டிக்கிட்டார். நான் வாயைத் திறந்துக்கிட்டுக் கூரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஏன்?"

"சும்மாதான். அப்புறம்தான் சத்தம் கேட்டுச்சா?"

"உடனே கேட்டுச்சு. இதுல என்ன இருக்கு? நானே சாட்சி. கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சுதுதான் சார். தோத்துட்டேன், ஒத்துக்கிறேன்" என்றாள் அண்ணி.

தங்கை எழுந்து நின்றுவிட்டாள். சின்னவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. அண்ணி அவனைப் பார்த்து லேசாகக் கண் சிமிட்டினாள். அது எதற்கான சைகை என்று அவனுக்குத் தெரியும். இத்தனை நேரம் மூடச் சொன்ன வாயை இப்போது திறக்கச் சொல்கிறாள்.

"ஒரே ஒரு கோளாறுதான். அந்தச் சத்தம் தையல்காரர் போன்ல பதிவாகியிருக்கு. என் கொழுந்தன் அதைக் கேட்டுட்டு அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லைன்னு சாதிக்கிறான்" என்றபடி அண்ணி கைபேசியை மேஜைமேல் வைத்தாள். உறுமல் அறையை நிறைத்தது. டாக்டரின் கால் தாளம் போட ஆரம்பித்தது.

"இதுவா ஸ்போர்ட்ஸ் காரு?" சின்னவன் மூக்கை உறிஞ்சினான். "பால் வேன் சார் இது. நாலு சிலிண்டர். ரெண்டு வேலை செய்யலை."

டாக்டரின் தாளம் நின்றது.

"பால் வேனாத்தான் இருக்கணும்னு இல்லை" என்றாள் அண்ணி. "போர்ல தண்ணி இறைக்கிற மோட்டாரா இருக்கலாம்."

"மாவு மெஷின்" என்றான் சின்னவன். "நல்லாக் கேளுங்க அண்ணி, நடுவுல பெல்ட்டு வழுக்குது. இதை ரேஸ் கார்னு சொன்னா நாலு பேரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. டாக்டரோட கிளப் ஆளுங்களுக்கு இதை அனுப்பிக் கேட்டுடலாமா? அவங்களே சொல்லட்டும், மாவு மெஷினா பால் வேனான்னு."

டாக்டரின் காது மடல் சிவந்தது. கழுத்து சிவந்தது. போலீஸ் கேட்டால் என்ன சொல்வது, வக்கீல் கேட்டால் என்ன சொல்வது என்று பாவம் அவர் எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தார். மாவு மெஷினுக்குப் பதில் தயாராக இல்லை.

"யாருய்யா மாவு மெஷின்?" என்று மேஜையில் அறைந்தார். "உனக்குக் காது இருக்கா? அது பன்னிரண்டு சிலிண்டர்யா! ரேஸ் மைதானத்துல வச்சுப் பதிவு பண்ணின ஒரிஜினல் சத்தம்! நாலு சத்தத்தைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்து..."

அங்கே நின்றுவிட்டார். கம்பிக்குப் பின்னால் மெக்கானிக்கும் முதல் முறையாகப் பேச்சை நிறுத்தினான்.

"டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "உங்க வண்டிக்கு ஆறுதானே?"

டாக்டர் மேஜைமேல் இருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"சொந்த வண்டிச் சத்தத்தையே போட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. நாற்றமடிக்கும் எதையோ காலால் ஒதுக்குகிற தொனிதான் இருந்தது. "சிங்கம் படம் போட்ட ஸ்பீக்கர், போன்ல தட்டினா வண்டி மாதிரி உறுமும், அதுல ஆறு சிலிண்டர் சத்தமும் இருந்திருக்கும். ஆனா தெருவே கேக்கப்போகுதுன்னதும் உங்களுக்கு அது போதலை. திருட்டுப் போறப்பக்கூட பந்தா வேணும். கார் மத்தியானமே போயிடுச்சு சார். வேகத்தடையில ஒரு டங்குதான் விழுந்திருக்கு, திரும்பி வந்த டங் இல்லை. ஓட்டிக்கிட்டுப் போனவர் இவர். ரோலர்ல இடிச்சவரும் இவர். வந்து ஷெட்டைக் காலியாத் திறந்து போட்டு, ஸ்பீக்கரை அங்கே வச்சுட்டு, உங்க வாயைத் திறக்க வச்சு, ஒரு கை க்ளவுஸைக் கழட்டி, போன்லயே திருட்டை நடத்திட்டார். அதுக்கு உங்களையே சாட்சியாவும் ஆக்கிட்டார்."

இன்ஸ்பெக்டரின் உப்பாத கன்னமும் உப்பியது. தான் கையெழுத்துப் போட்ட சாட்சியத்தை அவர் ஒருமுறை பார்த்தார், டாக்டரை ஒருமுறை பார்த்தார். "அந்த ஸ்பீக்கர் எங்கே?" என்று உறுமினார். இந்த உறுமல் அசல்.

கிளினிக்கில்தான் இருந்தது, எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டிவிடும் கனத்த அங்கிக்கு அடியில். அதற்கப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. போட்டிக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கப் போனாராம். நேரான சாலை. லேசான தூறல். ஓரமாக நின்ற ரோலரைத் தூரத்திலேயே பார்த்துப் பிரேக்கையும் மிதித்துவிட்டார். சிவப்புப் பெயின்ட் பிடிக்கவில்லை, வழுக்கை டயர் நிற்கவில்லை.

"இடிச்சிட்டேன்னு சொல்றதுக்கு என்னங்க? அதுல என்ன குத்தம்?" இன்ஸ்பெக்டருக்கே புரியவில்லை.

"கிளப்புல எப்படி சார் தலை காட்டுறது? நின்ன ரோலர்ல போய் முட்டினான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அதுக்கு என் புருஷனை ஜெயிலுக்கு அனுப்புவியா?" என்று கேட்டாள் தங்கை. அறைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கொஞ்ச நாள்ல ஜாமீன்ல எடுத்திருப்பேன்மா. நானே வக்கீல் வச்சிருப்பேன். அவனுக்கு என்ன, மெக்கானிக்தானே. அவனைப் பத்தி யாரு பேசப்போறா?"

சின்னவன் அருவருப்போடு டாக்டரை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டான். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெக்கானிக்கை வெளியே விட்டார்கள். மனைவியைக் கண்டதும் நேராகப் பக்கத்தில் வந்து நின்றான். தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உடனே கிளம்பவில்லை. இன்ஸ்பெக்டருக்கு எதிரே உட்கார்ந்து புது வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணனையே பார்த்தபடி நின்றாள். எதற்காக நிற்கிறாள் என்று சின்னவனுக்குத் தெரிந்தது. கூடப் பிறந்தவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மன்னித்துவிடுவாள். அதற்குத்தான் நிற்கிறாள்.

டாக்டர் நிமிர்ந்தார். தங்கையைப் பார்த்தார். உதடு துடித்தது. என்னவோ சொல்ல வந்தவர், தயங்கி, இன்ஸ்பெக்டர் பக்கமே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஸ்பீடு நாப்பதுன்னு எழுதிட்டீங்களே. கொஞ்சம் திருத்தி நூத்தி நாப்பதுன்னு போட முடியுமா?"

தங்கை கணவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலிருந்து "ஏம்மா, வீட்டுல சொல்லிட்டுப் போ, நான் வர லேட்டாகும்னு" என்று அண்ணன் கூப்பிட்டது வாசல் வரைக்கும் கேட்டது. அவள் காதில் விழாத மாதிரி நடந்துகொண்டே இருந்தாள்.